ஜீப் நேரமும் அங்கன்வாடி நேரமும்

பொட்டிப்புரத்துத் தாய்மார்களே, பெரியவர்களே, உலை இறக்கி வைத்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கிற அக்கா தங்கச்சிகளே! இந்த ஊர்ப் பெயர் டெல்லிக்குத் தெரியும். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை இந்த ஊர் மலைக்குள் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாயில் அமையவிருந்த நியூட்ரினோ ஆய்வகத்துக்கு ஒப்புதல் கொடுத்த நாளிலிருந்து பத்திரிகைக்காரர்களும் விஞ்ஞானிகளும் தலைவர்களும் இந்தப் பக்கம் நிறையவே வந்து போனார்கள். நீங்கள் எதிர்த்து நின்றீர்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அது தனிக் கதை. என் கேள்வி வேறு. மலைக்குள் எத்தனை மீட்டர் பாறை இருக்கிறது என்று அளந்து பார்த்தவர்கள், அந்த மலையின் அடிவாரத்தில் ஒரு தாய் எத்தனை மணிக்கு வேலைக்குப் புறப்படுகிறாள், அந்நேரம் அவள் பிள்ளையை யார் கையில் வாங்குகிறார்கள் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா?

கம்பம் பள்ளத்தாக்கில் பெண்ணுக்கு இரண்டு விதமான கூலி உண்டு. ஒன்று மேலே இருக்கிறது. போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கோம்பையிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியும் முன்பே ஜீப் கிளம்பி, எல்லை தாண்டி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போகிறது. திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. அது முழுநாள் கூலி. இன்னொன்று கீழே இருக்கிறது. களையெடுப்பு, திராட்சைத் தோட்டத்து வேலை, வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கிற சில்லறை வேலை. அது அரைநாள் கூலி. கைப்பிள்ளை வைத்திருக்கிறவள் எந்தப் பக்கம் போகிறாள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரும் அதற்கு ஒரு பேச்சு வைத்திருக்கிறது: “பிள்ளைக்காரிக்கு அரைநாள் வேலைதான் தோது.” தோதாம்! யாருக்குத் தோது? அங்கன்வாடி திறப்பது காலை ஒன்பது மணி வாக்கில். மாலை நாலு மணிக்குள் பிள்ளையை அழைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு அங்கே இடமில்லை. அதற்குச் சத்துமாவு மட்டும் வீட்டுக்கு வரும். விடியுமுன் புறப்படும் ஜீப்பையும் ஒன்பது மணிக்குத் திறக்கும் கதவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவளுடைய கூலியை நிர்ணயிப்பது அவள் ஆசையும் இல்லை, அவள் கைத்திறனும் இல்லை. அந்தக் கதவு திறக்கிற நேரமும் பூட்டுகிற நேரமும்தான்.

அரைநாள் போனால் மீதி அரைநாள் ஓய்வு என்று நினைக்கிறவர்கள் ஆண்களிலேயே பலர் இருக்கிறார்கள். ஒன்றிய அரசே எடுத்த கணக்கு இருக்கிறது. 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒருநாளைக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஆண் 88 நிமிடம். 2019 கணக்கெடுப்பில் இது 299-க்கு 97. ஐந்து வருஷத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது. இதை முன்னேற்றம் என்று கொண்டாடுகிறவர்கள் கொண்டாடட்டும். இந்த 289 நிமிடத்தில் பிள்ளை பார்ப்பது சேராது. அதைத் தனியாக எண்ணியிருக்கிறார்கள். அரைநாள் கூலிக்காரி என்று நாம் பெயர் வைத்திருப்பவள் உண்மையில் முழுநாளுக்கு மேல் உழைக்கிறாள். கூலி மட்டும்தான் அரை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, எழுத்தில் அழகாகவே இருந்தது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்கள் வேலை செய்தாலோ, பெண் தொழிலாளரின் பிள்ளைகள் இருபது பேர் இருந்தாலோ, தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. ஏலத்தோட்டங்களில் பெரும்பாலானவை சிறியவை. ஒரே முதலாளியிடம் ஐம்பது பெண்கள் சேர்வது எங்கே? அப்படியே சேர்ந்தாலும், காப்பகம் இருக்கும் இடம் மலை உச்சி, பிள்ளை தூங்கும் இடம் அடிவாரம், நடுவில் ஒரு மாநில எல்லை. பால்குடிப் பிள்ளையை விடியற்குளிரில் நெரிசலான ஜீப்பில் ஏற்றிக் கொண்டை ஊசி வளைவுகளில் தினம் கொண்டுபோய்க் கொண்டுவரச் சொல்வீர்களா? தொழிலாளி தோட்டத்துக்குள்ளேயே லயத்தில் குடியிருந்த காலத்துக்கு எழுதிய சட்டம் அது. தினம் எல்லை தாண்டிப் போய் வருகிற பெண்ணை அது கண்ணால் பார்த்ததே இல்லை.

ஆனால் இன்னொரு சட்டம் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில், வேலை நடக்கும் இடத்துக்கு வரும் பெண்களோடு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், அந்தப் பெண்களிலேயே ஒருத்தியைப் பிள்ளை பார்க்க அமர்த்தி, மற்றவர்களுக்குரிய அதே கூலியை அவளுக்கும் தர வேண்டும் என்று எழுதினார்கள். எத்தனை இடத்தில் நடந்தது என்பது இருக்கட்டும். பிள்ளை பார்ப்பது வேலை, வேலைக்குக் கூலி உண்டு என்று இந்திய நாடாளுமன்றம் தன் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டது. கண்மாயில் மண் அள்ளும்போது நியாயமாக இருப்பது ஏலக்காய் பறிக்கப் போகும்போது நியாயமில்லாமல் போகுமா?

ஆகவே அங்கன்வாடியின் நேரத்தை நீட்டச் சொல்கிறேன்; ஆனால் அங்கே இருக்கும் ஊழியரின் தலையில் அந்தச் சுமையை ஏற்றச் சொல்லவில்லை. அவரும் நம் வீட்டுப் பெண்தான். 1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில் ஒன்றிய அரசு அவருக்கு வைத்தது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். பணிக்கொடை கேட்டுக் குஜராத் ஊழியர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். அங்கன்வாடி வேலையைப் பகுதிநேர வேலை என்று சொல்லும் வாதத்தை ஏற்கவே முடியாது, அது முழுநேர வேலை என்று 2022 ஏப்ரலில் நீதிமன்றம் சொல்லி, பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. பிள்ளை பெற்றவளும் அரைநேரக்காரி, அவள் பிள்ளையைப் பார்ப்பவளும் அரைநேரக்காரி என்றால், அந்த ‘அரை’ நேரத்தைக் குறிக்கவில்லை, கூலியைக் குறைக்கிறது.

பாட்டி இருக்கிறாளே என்பார்கள். இந்த ஊரில் எந்தப் பாட்டி சும்மா இருக்கிறாள்? அவளும் களை வெட்டப் போகிறாள். தாயின் கூலியைக் காப்பாற்றப் பாட்டியின் கூலியைப் பறிப்பது தீர்வாகாது. பிள்ளைக்குத் தாய்தானே வேண்டும் என்பார்கள். இந்த வாதத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். சின்னப் பிள்ளைக்குத் தாய் வேண்டும்தான். தமிழ்நாட்டில் அரசு ஊழியரான தாய்க்கு 2021 ஜூலை முதல் ஒரு வருஷம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. கூலிக்காரத் தாய்க்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். தாயின் மடி புனிதம் என்று பேசுகிறவர்கள், கூலிக்காரியின் மடிக்கும் ஒரு வருஷச் சம்பளம் கேட்டு என்னோடு வரட்டும், நான் அவர்களுக்குப் பின்னால் நடக்கிறேன். அதைக் கேட்க மாட்டார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை வருகிறதே என்பார்கள். வரவேற்கிறேன், வீட்டில் பெண் பார்க்கும் வேலைக்கு மதிப்பு உண்டு என்று ஓர் அரசு ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம். ஆனால் ஆயிரம் ரூபாய் காலை ஐந்து மணிக்குப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளாது.

கடைசியாகப் பணம். சிறு விவசாயியால் காப்பகம் நடத்த முடியாது என்பது உண்மை. நானும் அவரிடம் கேட்கவில்லை. 1928-இல் பம்பாய் சட்ட மன்றத்தில் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது, தாய்மையால் பலன் பெறுவது நாடு, ஆகவே அந்தச் செலவில் அரசுக்கும் பங்கு உண்டு என்று அம்பேத்கர் வாதாடினார். ஏலக்காய் ஏலத்தில் வரி வாங்குகிற அரசுகளுக்கு, அதைப் பறித்தவளின் பிள்ளை எங்கே இருந்தது என்று கேட்கும் கடமையும் உண்டு. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்த ‘பால்னா’ என்று ஒன்றிய அரசிடம் ஒரு திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்க எதுவுமில்லை.

ஆகவே அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம். மலையடிவார ஊர்களில் அங்கன்வாடியோடு காப்பகம். முதல் ஜீப் கிளம்புமுன் திறந்து, கடைசி ஜீப் வந்த பிறகு பூட்ட வேண்டும். ஆறு மாதக் குழந்தை முதல் சேர்க்க வேண்டும். இரண்டு நேரமுறைக்கும் தனித்தனி ஆட்கள், எல்லாருக்கும் மதிப்பூதியம் அல்ல, சம்பளம். பதிவேட்டில் ஏற்றும் வரை யாரும் எழுந்து போகக் கூடாது. கையெழுத்துப் போடும்போது ஆண்களும் வரிசையில் நில்லுங்கள், பிள்ளை உங்களுக்கும்தான்.