முதல் ஆறு மாதம்: நர்ஸ் வேலைக்குப் போகும் நம் பெண்களும் வீட்டில் இருக்கும் நாமும்

(விருத்தாசலத்தில் நடந்த நம் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காகப் பெரும்பாலும் அவர் பேசிய நடையிலேயே தருகிறோம்.)



செராமிக் தொழிற்பேட்டையில் கப்பும் பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் செய்கிற கைகள் இங்கே நிறைய இருக்கு. முந்திரிக்கொட்டை உடைக்கிற கைகளும் இருக்கு. இந்தக் கைகள் சேமித்த பணத்தில், குழுவில் உள்கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, எத்தனையோ பேர் மகளை நர்சிங் படிக்க வைத்திருக்கிறீர்கள். பெருமையாக இருக்கு. ஆனால் பெண் வேலையில் சேர்ந்த அன்றைக்கே "அப்பாடா, நம்ம கடமை முடிஞ்சுது" என்று உட்கார்ந்து விடுகிறோம். கஷ்டம் அன்றைக்குத்தான் ஆரம்பிக்குது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

படிக்கும்போது ஒரு மாணவிக்கு ஒன்றிரண்டு நோயாளிதான் கொடுப்பார்கள். பின்னால் டியூட்டர் நிற்பார். தப்பாகக் கை வைத்தால் பிடித்துக்கொள்வார். வேலையில் சேர்ந்த மறுவாரமே ஒரு வார்டு அவள் தலையில் விழுது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் 3 நோயாளிக்கு 1 நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரியில் 5 நோயாளிக்கு 1 நர்ஸ் என்று இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு வகுத்தது. அந்தக் கணக்கு காகிதத்தில் இருக்கு. ராத்திரியில் முழு வார்டையும் ஒரே பெண் பார்க்கிற இடங்கள்தான் நம் பக்கம் அதிகம். ஒரு படுக்கையில் டிரிப்ஸ் தீருது, இன்னொரு படுக்கையில் மூச்சுத் திணறல், மூன்றாவது படுக்கையில் கூட இருப்பவர் "சிஸ்டர், எவ்வளவு நேரம் கூப்பிடறது?" என்று சத்தம் போடுகிறார். இருபத்தோரு வயசுப் பெண் அழாமல் என்ன செய்வாள்?

இது நம்ம ஊர்ப் பிள்ளைக்கு மட்டும் வருகிற கஷ்டம் இல்லை. அமெரிக்காவில் மார்லின் கிரேமர் என்ற நர்சிங் பேராசிரியர், புது நர்ஸ்கள் ஏன் வேலையை விட்டு ஓடுகிறார்கள் என்று ஆராய்ந்து 1974-ல் ஒரு புத்தகமே எழுதினார். படித்தது ஒன்று, வார்டில் நடப்பது ஒன்று என்று பார்க்கும்போது வருகிற அதிர்ச்சியைத்தான் காரணமாகச் சொன்னார். முதலில் எல்லாம் நன்றாகத் தெரியும், பிறகு எல்லாமே வெறுத்துப் போகும், அதற்குப் பிறகு மெதுவாகக் கால் ஊன்றும் என்றார். அந்த வெறுப்பு வருகிற நாட்களில்தான் நம் பெண் வீட்டுக்கு போன் போட்டு "அம்மா, நான் வந்துடறேன்" என்கிறாள். நாம் என்ன சொல்கிறோம்? "கடன் இருக்கு, சமாளிச்சுக்கோ." அவ்வளவுதான், போனை வைத்துவிடுகிறோம்.

தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையை ஈரம் போகாமல் சூளையில் ஏற்றினால் வெடித்துவிடும். மண் நல்ல மண்தான், செய்தவரும் கைகாரர்தான். காயவிடவில்லை, அதுதான் குறை. புது நர்ஸுக்கும் காய்கிற காலம் ஒன்று வேணும். நான் பார்த்த வரைக்கும் ஆறு மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வருஷமே ஆகும்.

இப்போது பெண் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்க கண்ணுங்களா. அந்த ஆறு மாதத்தில் உங்களைக் காப்பாற்றுவது ஒன்றே ஒன்றுதான். தெரியவில்லை என்றால் கேட்பது. கேட்டால் இன்சார்ஜ் சிஸ்டர் திட்டுவார், "இதுகூடத் தெரியாதா, எந்தக் காலேஜ்?" என்பார். திட்டட்டும். திட்டு வாங்கின நர்ஸால் எந்த நோயாளியும் சாகவில்லை. கேட்காமல் ஊசி போட்டால் சாகலாம்.

உதாரணத்துக்கு இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்க. இங்கேயே வீட்டில் இன்சுலின் போடுகிற அக்காக்கள் இருப்பீர்கள், உங்களுக்கும் இது உதவும். நம் நாட்டில் இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ளதும் வருகிறது. அதற்குத் தகுந்த மாதிரி சிரிஞ்சும் இரண்டு வகை. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 20 யூனிட் இல்லை, 50 யூனிட். இரண்டரை மடங்கு! சர்க்கரை சரசரவென்று இறங்கி ஆள் மயக்கமாகிவிடுவார். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் இரண்டு சிரிஞ்சும் ஒரே மாதிரிதான் தெரியும். பாட்டிலையும் சிரிஞ்சையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்க. சந்தேகம் வந்தால் பக்கத்து வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்க. அதே மாதிரி பொட்டாசியம் குளோரைடு. அதைக் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயமே நின்றுவிடும். டிரிப்ஸில் கலந்து மெதுவாகத்தான் போகணும். டாக்டர் போனில் மருந்து சொன்னால், கேட்டதைத் திருப்பிச் சொல்லி, அவர் "ஆமாம்" என்ற பிறகே போடுங்க. உடனே கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதுங்க. நேரில் வந்ததும் கையெழுத்து வாங்குங்க. எழுதாத வேலை செய்யாத வேலை என்றுதான் நாளைக்குக் கேள்வி கேட்பார்கள்.

அடுத்தது உங்கள் உடம்பு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. படிக்கும்போதே போட்டுக்கொள்ளணும். போட்ட ஊசிக்கு மறுபடி மூடி போடாதீங்க, அப்போதுதான் கையில் குத்தும். குத்திவிட்டால் பிதுக்காதீங்க, வாயில் வைக்காதீங்க. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்க. உடனே மேலே இருப்பவருக்குச் சொல்லுங்க. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் போனால் பயன் இல்லை. 28 நாள் சாப்பிடணும். அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் வழி சொல்வார்கள். "வெளியே தெரிஞ்சா கல்யாணம் ஆகாது" என்று மூன்று நாள் மறைக்கிற பெண்கள் உண்டு. அந்த மூன்று நாள்தான் முக்கியமான நாள்.

நோயாளியின் ஆட்கள் கை ஓங்கினால் அதற்குச் சட்டம் இருக்கு. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்க 2008-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டம் நர்ஸுக்கும் பொருந்தும். உடன் வேலை பார்ப்பவரோ மேலே இருப்பவரோ தப்பாக நடந்தால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்கணும். இது 2013-ம் வருஷச் சட்டம். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கணும். குழுவே இல்லாத சின்ன இடம் என்றால் மாவட்ட அளவில் ஒரு குழு இருக்கு.

சம்பளத்துக்கு வருவோம். அம்மாமார்கள் எல்லாம் நிமிர்ந்து உட்காருவது தெரியுது! அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமாகத்தான் எடுக்கிறார்கள். 2015-ல் தேர்வு எழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் தொகுப்பூதியம். அவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். பிறகு படிப்படியாகக் கூட்டினார்கள். கொரோனா சமயத்தில் தற்காலிகமாக எடுத்தவர்களில் 2,000 பேருக்கு மேல் 2022 டிசம்பர் 31-ஓடு வேலை நீட்டிப்பு கிடைக்காமல் வெளியே நின்றார்கள். அதனால் "கவர்மென்ட் வேலை" என்று கேட்டதும் இன்னொரு கடன் வாங்கிவிடாதீங்க. நிரந்தரமா ஒப்பந்தமா என்று உத்தரவைப் படித்துப் பாருங்க.

தனியார் நர்ஸ் சம்பளம் பற்றி 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி ஒரு குழு போட்டார்கள். 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸ் சம்பளத்துக்குச் சமமாக இருக்கணும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரைதான். கையில் வருவது என்ன என்று இங்கே இருக்கிற அம்மாக்களுக்கே தெரியும். நம்ம பெண்ணின் உழைப்புக்கு என்ன மதிப்பு என்பதையாவது அவள் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். சேரும்போது அசல் சான்றிதழைக் கேட்டால் நகல் கொடுங்க. அசலைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும். அது கையில் இல்லாவிட்டால் வேறு இடத்துக்கு நகர முடியாது.

இன்னும் சேர்க்காத அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு மாதம், ஒரு வருஷம் என்று நர்சிங் பெயரில் போர்டு மாட்டியிருக்கிறார்கள். அதைப் படித்தவள் ஸ்டாஃப் நர்ஸ் ஆக முடியாது. கிராம சுகாதாரச் செவிலியருக்கான ஏ.என்.எம். இரண்டு வருஷம், ஜி.என்.எம். மூன்று வருஷம், பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம். முடித்ததும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து நம்பர் வாங்கணும். பணம் கட்டுவதற்கு முன்னால் "இதைப் படிச்சா கவுன்சில் பதிவு கிடைக்குமா?" என்று கேளுங்க, எழுதி வாங்குங்க. மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்க.

வீட்டுக்கு வருகிறேன். நைட் டூட்டி முடித்து வந்தவளைக் காலை பத்து மணிக்கு எழுப்பி, "பகல்ல என்ன தூக்கம், மாவு அரைச்சுக் கொடு" என்கிற வீடுகள் எனக்குத் தெரியும். அவள் ராத்திரி பூரா நின்றிருக்கிறாள். கதவைச் சாத்தி, டி.வி. சத்தத்தைக் குறைத்துத் தூங்க விடுங்க. வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் மாப்பிள்ளை பார்க்காதீங்க. இரண்டையும் ஒரே நேரத்தில் எந்தப் பெண்ணாலும் தூக்க முடியாது. இதற்கு என்னோடு சண்டை போடுகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் போடலாம்.

(பேச்சுக்குப் பிறகு உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்டார்: "என் பொண்ணு சென்னையில சேர்ந்து மூணு மாசம் ஆகுது சிஸ்டர். தினமும் போன்ல அழறா. வந்துடச் சொல்லட்டுமா, இருக்கச் சொல்லட்டுமா?")

இரண்டும் சொல்லாதீங்கம்மா. முதலில் எதற்கு அழுகிறாள் என்று கேளுங்க. வேலை தெரியாத பயத்தில் அழுதால் அது குறையும். இந்த மாதம் போன மாதத்தைவிடக் கொஞ்சம் பரவாயில்லையா என்று கேட்டாலே தெரிந்துவிடும். சம்பளம் சரியாக வரவில்லை, லீவே கொடுக்கவில்லை என்றால் வேறு ஆஸ்பத்திரி பார்க்கலாம், நர்ஸ் வேலையையே விட வேண்டியதில்லை. யாராவது தப்பாக நடக்கிறார்கள் என்றால் ஒரு நாள்கூட இருக்கச் சொல்லாதீங்க, கடனைப் பிறகு பார்க்கலாம். போனில் இதையெல்லாம் சொல்ல மாட்டாள், பக்கத்தில் ஆள் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஜங்ஷனில் ரயில் ஏறுங்க. ஹாஸ்டலில் அவளோடு ஒரு ராத்திரி தங்குங்க. என்ன சாப்பிடுகிறாள், எத்தனை மணி நேரம் தூங்குகிறாள் என்று பாருங்க. காலையில் நர்சிங் சூப்பரின்டெண்டைப் பார்த்து, "நான் இந்தப் பிள்ளையோட அம்மா" என்று சொல்லிவிட்டு வாங்க. அடுத்த கூட்டத்தில் என்ன ஆச்சு என்று எனக்குச் சொல்லுங்க.