ஒற்றை எண்ணும் உண்மைக் கணக்கும்

(கீரனூர் மாணவர் கூட்டத்தில் பேசியதன் சாரம்)

மழையளவைக் கொண்டு ஆற்றில் எவ்வளவு வெள்ளம் வருமென்று கணக்கிடும் வித்தையை இன்று கல்லூரிகளில் சொல்லிக் கொடுக்கின்றார்கள். நல்லதுதான். ஆனால் விடையை மாத்திரம் சொல்லிக் கொடுத்து, அதிலுள்ள சந்தேகத்தைச் சொல்லாமல் விட்டால் அது பஞ்சாங்கப் படிப்பேயல்லாமல் விஞ்ஞானப் படிப்பாகாது என்பதே நாம் சொல்ல வந்தது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 10 சதுர கிலோமீட்டர் நிலத்தில் 36 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழுந்த தண்ணீர் 3,60,000 கன மீட்டர். ஓடைக்கு வருவது எவ்வளவு? மண் காய்ந்து கிடந்து, காற்பங்கே ஓடிவருமென்று வைத்தால் 90,000. முந்தின நாளே நனைந்திருந்து, பாதி ஓடிவருமென்று வைத்தால் 1,80,000. மழை ஒன்றே, விடையோ இரட்டிப்பு! அன்றியும், அந்த 36 என்பதும் ஓரிடத்தில் வைத்த மழைமானி சொன்னதே. மலையில் கொட்டும் மழை அடிவாரத்தில் தூறலாய் நிற்பதைப் பழனித் தாலூகாக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டுமா?

இது ஏட்டோடு நிற்கும் சங்கதியல்ல. வேடசந்தூர்ப் பக்கத்துக் குடகனாற்று அணையில் வினாடிக்கு 1,275 கன மீட்டர் வெள்ளத்தைப் போக்க வழி வைத்திருந்தார்கள். 1977-ல் வெள்ளம் வந்தபோது மின்சாரம் நின்றது. ஷட்டர்களை முழுதும் தூக்க முடியவில்லை. கையால் தூக்கப் பார்த்தும் பயனில்லை. தண்ணீர் மண்கரைக்கு மேலே வழிந்து அணையை உடைத்தது. காகிதத்திலிருந்த எண் வேறு, அன்றைக்கு ஆறு கேட்ட கேள்வி வேறு.

“உங்கள் விஞ்ஞானமே நிச்சயமில்லை என்கின்றதே, பஞ்சாங்கம் மாத்திரம் என்ன குற்றம் செய்தது?” என்று சிலர் கேட்கலாம். பஞ்சாங்கம் இத்தனை மரக்கால் மழையென்று ஒரே எண்ணாய்ச் சொல்லும். தப்பினால் காரணம் சொல்லாது. அடுத்த வருஷமும் அப்படியே அச்சாகும். விஞ்ஞானமோ இதிலிருந்து இதுவரை என்று எல்லை கட்டும். அளந்து பார்த்து அந்த எல்லையைக் குறுக்கும். தான் தப்பக்கூடிய வழியைத் தானே காட்டுவதுதான் அதன் யோக்கியதை.

ஆகவே ஆசிரியர்களே, ஒரே மழையை ஐந்து மாணவர்களுக்குக் கொடுத்து, மண்ணை மாத்திரம் வெவ்வேறாக வைத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். ஐந்து விடைகளையும் பலகையில் எழுதி, “கரையோரக் குடிசைக்காரனுக்கு இதில் எதைச் சொல்லப் போகின்றாய்?” என்று கேளுங்கள்.

மாணவத் தோழர்களே! “சாஸ்திரம் சொல்லிற்று” என்பதை விட்டொழித்துவிட்டு, “கம்ப்யூட்டர் சொல்லிற்று” என்று அதே இடத்தில் வேறொரு விக்கிரகத்தை வைத்துவிடாதீர்கள். எந்த எண்ணானாலும், எப்படி வந்தது, எவ்வளவு தப்பலாம் என்று கேட்டுவிட்டே ஒப்புக்கொள்ளுங்கள்.