எவர்சில்வர் ரயில் பெட்டி

(அரியலூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெரம்பலூரிலிருந்து வந்திருக்கும் விவசாயத் தொழிலாளிகள் ரயிலேற வேண்டுமென்றால் அரியலூருக்குத்தான் வந்தாக வேண்டும். அவர்கள் ஊரில் தண்டவாளமே கிடையாது. பெயரில் ஒத்துப்போகும் சென்னைப் பெரம்பூரிலோ ரயில் பெட்டியே செய்கிறார்கள்!

அந்தத் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2-ல் நேரு திறந்து வைத்தார். ஸ்விட்சர்லாந்துக் கம்பெனியொன்று தொழில் நுட்பம் தந்தது. முன்பெல்லாம் மரப்பெட்டிகள் ஏராளம். மோதினால் சிதறும், தீப்பிடித்தால் எரியும். பெரம்பூர்ப் பெட்டி முழுக்க இரும்பு, பற்றவைத்து ஒரே கூடாகச் செய்தது. ஆனால் இரும்புக்கு எதிரி துரு. கக்கூஸ் தண்ணீர் வழியும் பக்கமெல்லாம் அடித்தளம் அரித்தது.

எஃகில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குரோமியம் சேர்த்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் மூடிக்கொண்டு துருவைத் தடுக்கும். நாம் சோறு தின்னும் எவர்சில்வர் தட்டு இந்தச் சரக்குதான். இதில் அமெரிக்காவின் பட் கம்பெனி 1934-லேயே 'செஃபிர்' என்ற ரயிலைச் செய்து ஓட்டியது. சிரமமெல்லாம் பற்றவைப்பதில். சூடு நீடித்தால் ஒட்டிய இடத்தில் துருப்பிடிக்காத குணம் போய்விடும். மின்சாரத்தைக் கண்ணிமைக்கும் நேரம் மட்டும் பாய்ச்சி ஒட்டும் முறையை அங்கே கண்டார்கள். வெல்டிங் தெரிந்த தோழர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

நமக்கு அது வர அறுபது ஆண்டுக்கு மேலாயிற்று. ஜெர்மன் மாதிரிப் பெட்டிகள் 2000-ல் வந்தன. பிறகு பஞ்சாபில் கபுர்தலாவில் செய்தார்கள். பெரம்பூர் 2018 ஜனவரியில் பழைய மாதிரியையே நிறுத்திவிட்டது. பழையதற்கு ஆயுள் 25 வருஷம், புதியதற்கு 35. விபத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி இணைப்பும் உண்டு. நல்லதுதான், வரவேற்கிறோம்.

ஆனால் இந்த ஊரில் நின்று பேசுகிறவன் மருதையாற்றை விட்டுவிட முடியுமா? 1956 நவம்பர் 23 விடியற்காலை, வெள்ளம் பாலத்தை அரித்துவிட, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அங்கே மண்ணை வெள்ளம் தின்றபோது எந்தப் பெட்டி என்ன செய்யும்?

2023 ஜூன் 2-ல் ஒடிசாவில் பாலசோர் பக்கம் சரக்கு ரயில்மீது மோதிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ் புதுமாதிரி எவர்சில்வர் வண்டிதான். சிக்னல் வேலையில் நடந்த பிழை அதைத் தப்பான பாதையில் திருப்பிவிட்டது. 290 பேருக்கு மேல் செத்தார்கள். முன்னாலிருந்த ரிசர்வேஷன் இல்லாத பெட்டிகளில் நெருக்கியடித்து நின்றவர்கள் கூலிக்குப் போகிறவர்கள், தோழர்களே, நம்மைப் போன்றவர்கள்.

டிராக்மேன், சிக்னல் வேலைகளில் காலியிடத்தை நிரப்பச் சொல்லி ரயில்வே தொழிலாளிகள் கையெழுத்துக் கேட்டு வந்தால், அது அவர்கள் சம்பளச் சண்டை என்று ஒதுங்காதீர்கள். மில் கேட்டிலும் களத்துமேட்டிலும் போட்டுக் கொடுங்கள்.