ஒரு முடிச்சும் ஒரு கொடுக்கும்

இலக்கியத் தொடர் ஒன்றிலே எறும்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் எண்ணக்கூடும். நான் தமிழாசிரியன். விலங்கியல் படித்தவனல்லன். வன்னியிலே ஓர் இந்துக் கல்லூரியிலே பத்தாந் தரத்துப் பிள்ளைகளுக்குக் கட்டுரையும் இலக்கணமும் சொல்லிக் கொடுப்பவன். எறும்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நூல் வழி வந்தது. தொல்காப்பியர் மரபியலிலே சிதலையும் எறும்பையும் மூவறிவுயிர் என்று வைத்தார். தொட்டும், சுவைத்தும், மோந்தும் அறிவன அவை. புறநானூற்றின் 173 ஆவது பாட்டிலே கிள்ளிவளவன் என்ற சோழன், பண்ணன் வீட்டிலே சோறு பெற்றுக் கையிலேந்திப் போகும் பிள்ளைகளை, மழை வருமுன் முட்டை சுமந்து மேட்டுக்கு ஏறும் சிற்றெறும்பின் வரிசைக்கு ஒப்பிட்டான். இவ்விரண்டையும் இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன்.

இரண்டாண்டுக்கு முந்திய தவணைப் பரீட்சையிலே 'எறும்பு' என்று ஒரு கட்டுரைத் தலைப்பைக் கொடுத்தேன். நான் எதிர்பார்த்தது எதுவென்று உங்களுக்குத் தெரியும். சுறுசுறுப்பு, ஒற்றுமை, சேமிப்பு. முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் முப்பத்தேழு பேர் அதைத்தான் எழுதினார்கள். ஒருத்தி மாத்திரம் வேறு விதமாக எழுதியிருந்தாள். 'எறும்புக்கு இடுப்பிலே முடிச்சு இருக்கும். எங்கள் மாமரத்து முசுறுக்கு ஒரு முடிச்சு. வாசலிலே புற்று வைக்கிற சின்னச் செவ்வெறும்புக்கு இரண்டு முடிச்சு. முசுறு கடிக்கும், ஆனால் கொட்டாது. செவ்வெறும்பு வாயால் பிடித்துக்கொண்டு வாலாலே கொட்டும்.' இப்படியே ஒன்றரைப் பக்கம். எறும்புக்குக் கண் இருக்கிறதென்றும், கொம்பு முழங்கை போல மடிந்திருக்குமென்றும் எழுதி, பக்கத்திலே படமும் கீறியிருந்தாள்.

நான் சிவப்புப் பேனாவால் 'விடயத்திலிருந்து விலகல்' என்று எழுதி, பதினைந்துக்கு ஆறு புள்ளி போட்டேன். கண் இருக்கிறதென்ற வரியின் கீழ்க் கோடும் இழுத்தேன். தொல்காப்பியத்துக்கு மாறல்லவா!

விடைத்தாள்களை ஆசிரியர் ஓய்வறை மேசையிலே அடுக்கி வைத்திருந்தபோது, உயிரியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் மேலே கிடந்ததை எடுத்து வாசித்தார். வாசித்து முடித்து, "மாஸ்ரர், இதுக்கு ஏன் ஆறு போட்டனீங்கள்?" என்றார். விலகல் என்றேன். "இதிலை ஒரு பிழையும் இல்லையே. எறும்பை இன்னதெண்டு பிரிக்கிற ஆக்கள் முதலிலை பாக்கிறது இந்த முடிச்சைத்தான்," என்றார். பிறகு அன்று மாலை முழுவதும் அவர் எனக்கு ஆசிரியராக இருந்தார்.

நேயர்களே, எறும்பை இனங்காண்பது நிறத்தாலன்று. கறுப்பு, சிவப்பு, பெரிது, சிறிது என்று நாம் சொல்வதெல்லாம் வீட்டுக் கணக்கு. கட்டெறும்பு என்ற ஒரே பெயராலே நாம் பல இனங்களை அழைத்து வருகிறோம். அறிந்தவர்கள் கைவில்லையை வைத்துக்கொண்டு உடலமைப்பைப் பார்க்கிறார்கள். இடை ஒரு கணுவா, இரு கணுவா? பின்னுடலின் நுனியிலே கொடுக்கு உண்டா? உணர்கொம்பிலே எத்தனை துண்டுகள்? முதுகின் பின்புறத்திலே முள் இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்தால் எறும்பின் குலம் தெரிந்துவிடும். முசுறின் குலத்துக்குக் கொடுக்குக் கிடையாது; அது கடித்த இடத்திலே வயிற்று நுனியாலே அமிலத்தைப் பீய்ச்சுகிறது. மாமரத்தில் ஏறி முசுறிடம் அகப்பட்டவர்கள் அது கொட்டிற்று என்று சத்தியம் செய்வார்கள். அந்தப் பிள்ளை செய்யவில்லை, அவள் பார்த்திருக்கிறாள்.

இங்கேதான் நண்பர் நம் நாட்டு எறும்பொன்றின் கதையைச் சொன்னார். அதற்காகவே இன்று உங்கள் முன் வந்தேன்.

1892 ஆம் ஆண்டு தையிலும் மாசியிலும் யூஜின் சிமோன் என்ற பிரெஞ்சுக்காரர் இலங்கையிலே சுற்றினார். அவருடைய துறை சிலந்தி. ஆனாலும் கண்ணில் பட்ட எறும்புகளையும் சேர்த்து வைத்தார். அவற்றை ஆராய்ந்த இத்தாலியரான கார்லோ எமரி, கண்டிப் பக்கத்திலே அகப்பட்ட ஒரு சிறு மஞ்சள் எறும்புக்கு 1893 இல் அனியூரெட்டஸ் சிமோனி என்று பெயரிட்டார். சிலந்தி தேடி வந்தவரின் பெயர் எறும்பில் நிலைத்தது.

அந்த எறும்பில் என்ன புதுமை? வேலைக்கார எறும்பு சில மில்லிமீற்றர் நீளந்தான். மெல்லிய உடல், பன்னிரண்டு துண்டுள்ள உணர்கொம்பு, முதுகின் பின்புறத்திலே இரண்டு கூரிய முட்கள். இடையிலே ஒற்றை முடிச்சு. அந்த முடிச்சுக்கு முன்னே நீண்ட காம்பு. கூட்டிலே பெருந்தலை கொண்ட போர்வீர எறும்பும் சில உண்டு; சிறியதுக்கும் பெரியதுக்கும் இடைப்பட்ட அளவிலே ஒன்றுமில்லை. இதுவரை விசேடமாக எதுவுமில்லை என்பீர்கள். ஆனால் உடலமைப்பிலே அதற்கு மிக நெருங்கிய குலத்து எறும்புகள் கொடுக்கை இழந்து, பின்னுடலிலிருந்து மணமுள்ள திரவத்தை விட்டே பகையைத் துரத்துகின்றன. இதுவோ அந்தச் சாயலை உடையதாயிருந்தும் கொடுக்கை விடாமல் வைத்திருக்கிறது. பழையதும் புதியதும் ஓருடலிலே நிற்கின்றன. இதன் உறவினரைத் தேடினால், பால்டிக் கரையின் அம்பரிலே ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன்னே உறைந்து போனவைதான் அகப்படுகின்றன. அந்தக் குலத்திலே இன்று உயிரோடு இருப்பது இந்த ஓர் இனமே. அதுவும் இந்தத் தீவிலே மாத்திரம்.

1955 இலே எட்வேட் வில்சன் என்ற அமெரிக்க இளைஞர் இதைத் தேடி வந்தார். சிறு வயதிலே மீன் பிடிக்கும்போது மீன்முள் குத்தி வலக்கண் பார்வையை இழந்தவர். தூரத்துப் பறவையையும் விலங்கையும் தேடித் திரிவது கடினமானதால், எஞ்சிய கண்ணருகே பிடித்துப் பார்க்கக்கூடிய சிறு உயிர்களிடம் போனவர். பேராதனைப் பூங்காவிலும் கண்டி உடவத்தகலே வனத்திலும் தேடினார், கிடைக்கவில்லை. மழைக் காட்டுப் பக்கமாக இரத்தினபுரிக்குப் போனார். அங்கே உள்ளே கோறையான ஒரு சுள்ளியை எடுத்து முறித்தார். மஞ்சள் எறும்புகள் கையிலே கொட்டுண்டன. பிறகு கிலிமலைக் காட்டிலே நிறையக் கண்டார். பின்னாளில் உலகப் புகழ் பெற்று 2021 இல் மறைந்த அந்த வில்சன்தான் இவர்.

இரத்தினபுரியிலே மாணிக்கம் தேடிப் போகிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஒற்றைக் கண்ணோடு உக்கிய சுள்ளியை முறிக்கப் போனவரைக் கேள்விப்பட்டிருக்கிறோமா? நான் பட்டதில்லை.

இந்த எறும்பு வன்னியிலே இல்லை. நம்முடையது பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற வரண்ட காடு. அதற்கு வேண்டியது நிழலும், ஈரச் சருகும், அதனுள் உக்கிக் கிடக்கும் சுள்ளியும். பின்னர் வேறு சில ஈரக் காடுகளிலும் அதைக் கண்டிருக்கிறார்கள். ஆயினும் காடு துண்டு துண்டாகக் குறைவதால், உலகச் சிவப்புப் பட்டியலிலே மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமென்றே அது வைக்கப்பட்டிருக்கிறது.

மறுநாள் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன். புள்ளியைத் திருத்தலாமென்றால், பட்டியல் அலுவலகத்துக்குப் போய்விட்டது. அதைச் சொன்னேன். "பரவாயில்லை சேர்," என்றாள். அவள் சொன்ன விதத்திலே பரவாயில்லை என்பது இருக்கவில்லை. அவள் அடுத்த தவணையிலே எழுதிய கட்டுரை சுறுசுறுப்பாகவும் ஒற்றுமையாகவும் இருந்தது. நான் பதினைந்துக்குப் பன்னிரண்டு போட்டேன். போடும்போது கை கூசிற்று.

எப்படி இதெல்லாம் பார்த்தாய் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். அப்பப்பாவின் உடைந்த மூக்குக் கண்ணாடியிலே ஒரு வில்லை மிஞ்சியிருந்ததாம். அதைக் கொண்டு வந்து எனக்குக் காட்டினாள். பாடசாலை வேப்பமரத்தடியிலே, நாற்பது வயது தாண்டிய நானும் அவளும் குந்தியிருந்து பார்த்தோம். இரண்டு முடிச்சும் தெரிந்தன. கண்ணும் தெரிந்தது. தொல்காப்பியரும் முழுக்கத் தவறவில்லை. எறும்பு வழி கண்டு பிடிப்பதும், தன் கூட்டத்தை அறிவதும் பெரும்பாலும் மோப்பத்தாலேதான் என்று நண்பர் சொல்லியிருந்தார். கிள்ளிவளவன் பாட்டிலே வருகிற முட்டையைப் பற்றியும் அவரே சொன்னார்: வாயிலே தூக்கிப் போகும் வெள்ளை மணிகளிலே அநேகம் முட்டையல்ல, குடம்பியும் கூட்டுப்புழுவும். உண்மையான முட்டை கண்ணுக்குத் தெரிவதே அரிது. பாட்டை நான் இப்போதும் அப்படியேதான் படிப்பிக்கிறேன். கீழே ஒரு குறிப்பு மாத்திரம் சேர்த்துக்கொள்கிறேன்.

அனியூரெட்டஸின் கதையை அவளுக்குச் சொன்னபோது அவள் கேட்ட முதற் கேள்வி, "அதுக்குத் தமிழிலை என்ன பேர், சேர்?"

தமிழாசிரியனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். பெயர் தெரியாது, பிள்ளை, என்றேன்.

சில நாட்களின் பின் அப்பியாசக் கொப்பியைக் கொண்டு வந்து நீட்டினாள். முள்ளும் காம்பும் பெருந்தலையுமாகப் படம் கீறி, கீழே 'ஒற்றைமுடிச்சு கொடுக்கெறும்பு' என்று எழுதியிருந்தாள். வன்றொடர்க் குற்றியலுகரத்தின் முன் வல்லினம் மிகும். இடையிலே ஒரு 'க்' போட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். வேறொன்றும் திருத்தவில்லை.