ஆவாரம்பட்டைக்கு ஒரு வழக்குரை

  

வறள்நிலப் புதர்ச்செடிகளின் இயல்பு, பயன், வளர்ப்பு என்பது மாநாட்டுப் பொருள். ஆவாரையின் இயல்பை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிற்றிலை இணைகளுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும் சுரப்பியைப் பார்த்தவர் அதை அடையாளம் காணத் தவற மாட்டார். காசியாவா, சென்னாவா என்ற பெயர் வழக்கும் 1982இல் இர்வின், பார்னபி இருவரின் நூலோடு தீர்ந்தது. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசை, கொங்கு நாட்டுக் காப்புக்கட்டு, மதுமேகத்துக்கான ஆவாரைக் குடிநீர், இலங்கையின் ரணவரா பானம் ஆகியவற்றைப் பற்றிக் கட்டுரைகள் வரவிருக்கின்றன. அவற்றை அவற்றின் ஆசிரியர்களுக்கே விடுகிறேன்.

என் கவலை பட்டையைப் பற்றியது. ஜார்ஜ் வாட் 1889 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்ட இந்தியப் பொருளாதார விளைபொருள் பேரகராதியை நாம் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் மருந்துக் குறிப்பைப் படித்ததும் மூடிவிடுகிறோம். அந்தக் காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போன பதனிட்ட தோலுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஆவாரம்பட்டை. சுண்ணாம்புக் குழியில் மயிர் நீக்கிய தோலைப் பட்டை நீரில் ஊறப்போட்டு, முடிவில் கடுக்காய் நீர் காட்டுவார்கள். பட்டை நீரோடு நிறுத்திய தோல் வெளிச்சம் பட்டுச் சிவந்துவிடும். கடுக்காய் அதைத் தடுக்கும். டானின்களை இரு வகையாகப் பிரித்துப் பாடம் நடத்தும் நாம், தோல் ஷாப்புக்காரர்களின் இந்தக் கைப்பழக்கத்தை ஆய்வுச் சான்றாக ஏற்கத் தயங்குகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

முன்வரிசையில் வீற்றிருக்கும் என் மூத்த நண்பர், ஆவாரையின் வீழ்ச்சி தவிர்க்க முடியாதது என்று நெடுங்காலமாக எழுதி வருகிறார். அவர் கணக்கில், வாட்டில் மரப்பட்டையில் டானின் 30 முதல் 40 விழுக்காடு. ஆவாரையில் ஏறக்குறைய அதில் பாதி. எண்களை நான் மறுக்கவில்லை. ஒப்பீட்டைத்தான் மறுக்கிறேன். வாட்டில், தோட்டப் பயிராக வளர்க்கப்பட்டுத் தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. ஆவாரையோ பெரும்பாலும் புறம்போக்கில் தானாக முளைத்து, கூலிக்கு வெட்டப்பட்டது. பல இடங்களில் வேரோடு பிடுங்கப்பட்டது. பேணி வளர்த்த மரத்தையும் பேணாத செடியையும் ஒரே தராசில் நிறுத்திவிட்டு, தோற்றது செடி என்று தீர்ப்பு எழுதினோம்.

டானினுக்காக நீலகிரியிலும் பழனி மலையிலும் வாட்டில் நட்டபோது அழிந்த சோலைப் புல்வெளிக்கு அந்தக் கணக்கில் விலை உண்டா? அந்த மரத்தை அகற்ற இன்று உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருக்கிறது. அகற்றும் செலவையும் டானின் விலையில் சேர்த்துவிட்டு நண்பர் மீண்டும் கூட்டிப் பார்க்க வேண்டுமென்று அன்போடு கேட்கிறேன்.

வளர்ப்பு கடினமும் அல்ல. விதைத்தோல் கெட்டி, மணலோடு தேய்த்தோ வெந்நீரில் நனைத்தோ மழைத் தொடக்கத்தில் விதைக்கலாம். வளமற்ற செம்மண் போதும். ஆடு எளிதில் வாய் வைக்காது. பிடுங்காமல் அடித்தண்டு விட்டு வெட்டினால் மறுபடி தழைக்கும். தழை நெல் வயலுக்கு எருவாகும். ஒன்றை மட்டும் திருத்த வேண்டும்: பயறு இனம் என்பதால் இது மண்ணில் நைட்ரஜனை நிலைநிறுத்தும் என்று நம்மில் சிலர் மேடைகளில் சொல்கிறார்கள். சென்னா பேரினத்துக்கு வேர்முடிச்சு கிடையாது. உழவரிடம் இல்லாத நன்மையைச் சொல்லி இந்தச் செடியை விற்க வேண்டாம்.

நிகழ்ச்சி நிரலில் சாகுபடி அமர்வு நாளை மாலைக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் அவை கலையும் நேரம் அது. தலைவருக்குரிய உரிமையைப் பயன்படுத்தி அதை இன்றைய முதல் அமர்வாக மாற்றுகிறேன். தோல் பதனிடுவோர் சார்பில் வந்திருப்பவர்கள் முதலில் பேசட்டும். என் மூத்த நண்பர் மறுமொழி சொல்லட்டும்.