கொட்டகைகளின் தடம்



கோயிலுக்குக் கல்வெட்டுண்டு, திரைக்கொட்டகைக்கு ஏது? தொடர்வண்டித்துறையில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் பிரெஞ்சியர் ஒருவரிடம் படக்கருவி வாங்கி, ஊரூராய்த் துணிக்கொட்டகை அடித்துப் படங் காட்டினார். அக்கொட்டகைகள் நின்ற இடங்களுக்குத் தடமில்லை. 1914-இல் கோவையில் அவர் எழுப்பிய வெரைட்டி ஆலின் பெயரையோ ஒரு சாலையே சுமந்து நிற்கின்றது. அயற்பெயர்தான்! ஆயினும் வரலாறு தேடுவோன் அதனை மாற்றியெழுதலாகாது. சான்றில் கைவைப்பது தமிழ்ப்பற்று அன்று.

சென்னை அண்ணாசாலையில் 1913-இல் தோன்றிய எலக்டிரிக்கு தியேட்டர் நெடுநாள் நடக்கவில்லை. அஞ்சல்துறை வாங்கியதனாலேயே அதன் கட்டடம் பிழைத்தது. 1952-இல் ‘பராசக்தி’யொடு திறந்த மதுரைத் தங்கம் அரங்கமோ, அத்துணைப் பெரிதாயிருந்தும், இடிபட்டொழிந்தது. அதில் படம் பார்த்த முதியோர் இன்னும் உளர். பாட்டுப் பொத்தகங்களும் விளம்பரத் தாள்களும் அவர்தம் பெட்டிகளில் கிடக்கின்றன. கேட்டெழுதச் சென்றோர் எத்துணைப் பேர்?