வீட்டுக்கு ஒரு மாற்று மின்சார எஞ்சின்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு மின்சார எஞ்சின் புதிதல்ல. அந்நாளில் பல தோட்டங்களில் எஞ்சின் கொட்டகை ஒன்று இருக்கும். பொழுது சாய்ந்ததும் எஞ்சின் ஓடும். லயங்களில் விளக்கு எரியும். இரவு பத்து மணியளவில் எஞ்சின் நிற்கும். பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். அந்தக் கொட்டகை வீடுகளை விட்டுத் தள்ளியே இருந்தது. அதைக் கவனிக்கத் தெரிந்த ஆள் ஒருவரும் இருந்தார். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று நமக்குத் தெனாகா நேஷனல் கம்பிகளில் கரண்டு வருகிறது. அதுவும் சில சமயம் நிற்கிறது. 1996 ஆகஸ்ட் 3ஆம் நாள் தீபகற்ப மலேசியா முழுவதும் இருண்டது. நம் ஜொகூரில் 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் பகுதிகளும், 2023 மார்ச்சில் சிகாமட், பத்து பகாட் பகுதிகளும் பெருவெள்ளத்தில் தவித்தன. வெள்ளம் ஏறும்போது ஆபத்தைத் தவிர்ப்பதற்காக மின்சாரத்தை அவர்களே நிறுத்திவிடுவதும் உண்டு. ஆகவே, சிறிய ஜெனரேட்டர் ஒன்று வாங்கி வைக்கலாமே என்று பலர் எண்ணுகிறார்கள். வாங்கலாம். ஆனால், அதை எங்கே வைப்பது, எப்படி இணைப்பது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

ஓர் அடைமழை இரவில் என் மாணவன் ஒருவனின் தாயார் ஓடி வந்தார். “சார், பிள்ளைங்க ரெண்டும் வாந்தி எடுக்குது, தலை வலிக்குதுன்னு அழுவுது” என்றார். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் நினைத்தார். போய்ப் பார்த்தேன். மழைக்குப் பயந்து ஜெனரேட்டரைப் பின்கட்டுச் சமையலறையில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். உடனே எல்லாரையும் வெளியே கொண்டுவந்து, எஞ்சினை நிறுத்தி, பிள்ளைகளை மருத்துவமனைக்கு அனுப்பினோம். பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள். அவர்கள் விழித்திருந்ததால் தப்பினார்கள். உறங்கியிருந்தால்?

காரணம் இதுதான். பெட்ரோல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. நம் இரத்தம் உயிர்க்காற்றை ஏற்றுச் செல்ல வேண்டிய இடத்தை இந்த வாயு பிடித்துக்கொள்ளும். உறங்குகிறவர் உறக்கத்திலேயே போய்விடுவார். சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பது தவறு. ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, கதவு சன்னல்களிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் வீட்டுப் பக்கம் திரும்பாமல் இருக்க வேண்டும். அடுத்த வீட்டுச் சன்னலையும் பாருங்கள். தலைவலி, மயக்கம், வாந்தி கண்டால் வெளியே வந்து 999ஐ அழையுங்கள்.

இரண்டாவது ஆபத்து இணைப்பில் இருக்கிறது. சிலர் ஜெனரேட்டரின் வயரைச் சுவரில் உள்ள பிளக்கில் நேராகச் செருகிவிடுகிறார்கள். அந்தக் கரண்டு வீட்டோடு நிற்காது. மீட்டரைத் தாண்டி வெளிக்கம்பிக்குப் போய், டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி, 230 வோல்ட் 11,000 வோல்ட் ஆகக்கூடும். கரண்டு இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளியின் நிலை என்ன? அவரும் நம்மைப்போல் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர்தானே? ஆகவே, வீட்டு வயரிங்கோடு இணைப்பதானால் சேஞ்ச்-ஓவர் சுவிட்சு அவசியம். வெளிக் கரண்டு ஒரு பக்கம், ஜெனரேட்டர் மறுபக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. பதிவு பெற்ற வயர்மேன்தான் அதைப் பொருத்த வேண்டும். தோட்டத்து வீடாயின், முதலில் ஆபீசில் அனுமதி கேளுங்கள். சுவிட்சுக்கு வசதியில்லையேல், நல்ல நீள வயரால் விசிறியையும் விளக்கையும் ஜெனரேட்டரிலேயே நேராக மாட்டுங்கள்.

எவ்வளவு பெரியது வேண்டும்? கணக்குப் போடுங்கள். நான்கு எல்.இ.டி. விளக்கு 40 வாட், இரண்டு விசிறி 150, தொலைக்காட்சி 100, குளிர்பெட்டி 150. மொத்தம் 440 வாட். குளிர்பெட்டி ஓடத் தொடங்கும் நொடியில் பல மடங்கு இழுக்கும். அதற்கும் சேர்த்து 2,000 வாட் இயந்திரம் சாதாரணமாகப் போதும். கேத்தல், இஸ்திரிப்பெட்டி, சோற்றுப்பானை ஆகியவற்றை அதில் போடாதீர்கள்.

வைக்கும் இடம் மேடாக இருக்கட்டும். 2011 மார்ச் 11இல் ஜப்பானின் புக்குஷிமா அணுமின் நிலையத்தில் கடல் புகுந்தபோது, தாழ்ந்த தளத்திலிருந்த மாற்று ஜெனரேட்டர்கள் மூழ்கிப் பயனற்றுப்போயின. பெரிய நிலையத்துக்கே அந்தக் கதியென்றால், நம் முற்றத்து ஜெனரேட்டர் எம்மாத்திரம்? நான்கு பக்கமும் திறந்த கூரை போடுங்கள். ஈரக் கையால் தொடாதீர்கள். எஞ்சின் ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்றுங்கள். மாதம் ஒரு முறை சிறிது நேரம் ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. தொழிலாளர் வீடுகளுக்குப் போதிய மின்சாரம் தருவது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் வீட்டு வசதிச் சட்டம் சொல்கிறது. பழைய வயரிங்கால் அடிக்கடி கரண்டு நின்றால், கடன்பட்டு ஜெனரேட்டர் வாங்குமுன் அதைப் பழுதுபார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சில மணி நேர இருட்டுக்குக் கைவிளக்கே போதும். திறக்காத குளிர்பெட்டி நான்கு மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும்.

வெளிச்சம் வேண்டும்தான், நேயர்களே. அந்த வெளிச்சத்தில் காலையில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம்.